அச்சடித்தவர் வேறு, வெளியிட்டவர் வேறு: பட்டியலாக்கம் செய்வோருக்கு மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

இலங்கையின் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் பட்டியலாக்கத்தைப் பார்ப்பவர்களுக்கும், மத்திய, ஊவா, சப்ரகமுவ மாகாணங்களின் பொது நூலகங்களிலும் பாடசாலை நூலகங்களிலும் பல்கலைக்கழக நூலகங்களிலும் புத்தகத்தைக் கையில் எடுத்து அதன் விபரத்தைக் கணினியில் ஏற்றுகிற எல்லோருக்கும் இந்த மடல். உங்களுக்கு எவ்வளவு வேலை குவிந்து கிடக்கிறது, ஆள் எவ்வளவு குறைவு என்பதெல்லாம் தெரியும். இருந்தும் எழுதுகிறேன். இதை உங்களைத் தவிர வேறு யாராலும் சரிசெய்ய முடியாது.

விஷயம் இதுதான். மலையகத்தில் யார் யார் புத்தகம் வெளியிட்டார்கள், எந்த ஊரிலிருந்து வெளியிட்டார்கள், எந்த வருஷம் தொடங்கி எந்த வருஷம் நிறுத்தினார்கள் என்று ஒருவர் தேடப் போனால் நம்முடைய நூலகப் பட்டியல்களில் அதற்கு விடை கிடைப்பதில்லை. எழுத்தாளர் பெயரைத் தட்டினால் வருகிறது. தலைப்பைத் தட்டினால் வருகிறது. வெளியீட்டாளர் பெயரைத் தட்டினால் பாதிதான் வருகிறது, மீதியில் கொஞ்சம் வேறு எழுத்துக்கூட்டலில் எங்கோ கிடக்கிறது, இன்னும் கொஞ்சம் அச்சகத்தின் பெயருக்குள் போய் மறைந்துவிட்டது.

ஒரு கவிதைத் தொகுப்பைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். தொண்ணூறுகளில் வந்த மெல்லிய புத்தகம். தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் அதன் பின்பக்கத்தில் மேலிருந்து கீழாக எல்லாம் இருக்கிறது. முதற்பதிப்பு, மாதம், வருஷம். உரிமை ஆசிரியருக்கு. வெளியீடு என்ற இடத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர் மன்றத்தின் பெயர். அதற்குக் கீழே தொடர்புக்கு என்று டவுனில் இருக்கிற ஒரு கடையின் விலாசம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குத் தனி விலாசம் இல்லாத காலம் அது, இன்றைக்கும் பல தோட்டங்களில் கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குப் போய்த்தான் ஆளைச் சேர்கிறது, அதனால் மன்றமோ சங்கமோ எதுவானாலும் தெரிந்த கடைக்காரரிடம் கேட்டு அவர் விலாசத்தைப் போட்டுக்கொள்வார்கள். கடைசியாக, பக்கத்தின் அடியில், மற்ற எல்லாவற்றையும் விடத் தடித்த எழுத்தில் கொழும்பு அச்சகத்தின் பெயர், தெரு, தொலைபேசி இலக்கம்.

ஒரு நூலகத்தின் கணினிப் பட்டியலில் இந்தப் புத்தகம் எப்படி ஏறியிருக்கிறது தெரியுமா? வெளியிடப்பட்ட இடம் கொழும்பு. வெளியீட்டாளர், அந்த அச்சகம். இளைஞர் மன்றத்தின் பெயர் பதிவில் ஓரிடத்திலும் இல்லை. குறிப்புப் பகுதியில்கூட இல்லை. தோட்டத்தின் பெயரும் இல்லை.

இதில் என்ன பெரிய நட்டம் என்று கேட்கலாம். மலையகத்தில் ஒரு புத்தகம் வெளிவருவதென்பது எழுதியவரின் வேலை மட்டுமல்ல. வாசகர் வட்டம், இளைஞர் மன்றம், தொழிற்சங்கக் கிளை, பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை என்று யாராவது கூடிப் பேசி, சம்பள நாளில் ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, அச்சகத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, வெளியீட்டு விழாவில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி விற்று மிச்சக் கடனை அடைத்துக் கொண்டுவந்த புத்தகங்கள்தான் இங்கே அதிகம். அந்தக் கூட்டத்தின் ஒரே அச்சுத் தடயம் 'வெளியீடு' என்ற அந்த ஒரு வரிதான். அதையும் விட்டுவிட்டால், நாளைக்குப் பேராதனையில் ஒரு மாணவி மலையகப் பதிப்பு முயற்சிகளைப் பற்றி ஆய்வு செய்யும்போது பட்டியலைப் பார்த்துவிட்டு எல்லாம் கொழும்பிலும் சென்னையிலும்தான் நடந்தது என்று எழுதுவார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது.

விதிகள் இதற்கு இடம் தரவில்லையா என்றால், தாராளமாகத் தருகின்றன. உங்களுக்குத் தெரிந்ததுதான், வாசகர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நூல் விபரத்தைக் கணினியில் ஏற்ற நூலகங்கள் பாவிக்கும் எண்ணிட்ட வடிவம்தான் மார்க், அதில் ஒவ்வொரு விபரத்துக்கும் புலம் என்று ஓர் இடம் உண்டு. மார்க் பதிவின் 260ஆம் புலத்தில் ஏ, பி, சி என்று இடமும் வெளியீட்டாளரும் ஆண்டும் வரும், அதே புலத்திலேயே ஈ, எஃப், ஜி என்று அச்சிட்ட இடம், அச்சகம், அச்சிட்ட ஆண்டுக்குத் தனி உபபுலங்கள் இருந்தன. பழைய ஏஏசிஆர் 2 என்ற பட்டியலாக்க விதிகளின்படி வெளியீட்டாளரே தெரியவில்லை என்றால்கூட அச்சகத்தைக் கொண்டுபோய் வெளியீட்டாளரின் நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது, ஆண்டுக்குப் பிறகு அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். 2010இல் அதற்குப் பதிலாக ஆர்டிஏ என்ற புதிய விதித்தொகுப்பு வந்தது, 2013 மார்ச் 31 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அதற்கு மாறியது, மார்க்கில் 264ஆம் புலம் புதிதாகச் சேர்ந்தது. அதில் இரண்டாவது குறிகாட்டி 1 என்றால் வெளியீடு, 2 என்றால் விநியோகம், 3 என்றால் அச்சு. ஒரே புலத்தைத் தேவையான அளவு திரும்பத் திரும்பப் போடலாம். அந்தக் கவிதைத் தொகுப்புக்கு இரண்டு வரி போதும்: 1 போட்டு இளைஞர் மன்றம், 3 போட்டு கொழும்பு அச்சகம்.

ஆக விதியில் குறை இல்லை. பின்பக்கத்தை முழுதாகப் படிக்காமல் தடித்த எழுத்தில் இருப்பதை எடுத்துப் போடுவதுதான் பிரச்சினை. தமிழ் வாசிக்கத் தெரியாத ஒருவரிடம் தமிழ்ப் புத்தகக் கட்டைக் கொடுத்து ஏற்றச் சொல்லும் இடங்களில் இது இன்னும் மோசமாகிறது. அங்கே அந்த ஊழியரின் மேல் பிழை சொல்ல மாட்டேன், தமிழ் தெரிந்த ஒருவரை நியமிக்காத நிர்வாகத்தைத்தான் சொல்வேன்.

இதைவிடச் சிக்கலானது அடுத்தது. வெளியீட்டாளரைச் சரியாக அடையாளம் கண்டுவிட்டோம், சரி, அந்தப் பெயரை எப்படி எழுதுவது? ஏஏசிஆர் 2 காலத்தில், எங்கே படித்தாலும் புரிகிற அளவுக்குப் பெயரைச் சுருக்கி எழுதச் சொன்னார்கள். ஆர்டிஏ, புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்கிறது. இரண்டு காலத்துப் பதிவுகளும் ஒரே பட்டியலில் கலந்து கிடக்கின்றன. துரை விஸ்வநாதன் நடத்திய பதிப்பகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், 1997இல் மலையகச் சிறுகதைகளைப் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தவர். ஒருவர் 'துரைவி' என்று தட்டுவார், ஒருவர் 'துரைவி பதிப்பகம்' என்று, இன்னொருவர் 'துரைவி வெளியீடு' என்று. ரோமன் எழுத்தில் ஏற்றுகிற நூலகத்தில் டீயில் (T) தொடங்குமா டியில் (D) தொடங்குமா என்பது ஏற்றியவரைப் பொறுத்தது. கண்டியில் அந்தனி ஜீவா நடத்திய மலையக வெளியீட்டகமும் அப்படித்தான், 'மலையகம்' என்ற சொல்லையே ரோமனில் மூன்று விதமாக எழுதுகிறோமே. ஊர்ப்பெயரும் லேசில் விடாது. ஹட்டன், அட்டன். தலவாக்கலை, தலவாக்கொல்லை. இதெல்லாம் சேர்ந்தால் ஒரு பதிப்பகம் ஐந்து பதிப்பகமாகிவிடுகிறது, கணினிக்கு அவை ஒன்றென்று தெரியாது.

இதற்குச் சிலர் சொல்லும் வழி, பட்டியலில் உள்ள எல்லா வடிவங்களையும் ஒரே பெயராக மாற்றிவிடுங்கள் என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. தலைப்புப் பக்கத்தில் உள்ளதை மாற்றக் கூடாது. இரண்டு பதிப்புகளை வேறு பிரித்து அறிய அந்த எழுத்துதான் சில நேரம் ஒரே வழி, தோட்டப் பெயரோடு வந்த முதற்பதிப்பும் நகரத்து விலாசத்தோடு வந்த மறுபதிப்பும் ஒன்றல்ல. உள்ளபடி எழுதியது 264இல் அப்படியே இருக்கட்டும். கூடவே, நூலோடு தொடர்புடைய அமைப்புகளுக்கான 710ஆம் புலத்தில் அதே அமைப்பின் நிலைத்த பெயரைப் போட்டு, அவர் வெளியீட்டாளர் என்ற பங்கையும் குறியுங்கள். எழுத்தாளர்களுக்கு நாம் செய்வது இதைத்தான். ஒருவர் புனைபெயரில் எழுதினாலும் முதலெழுத்தை மாற்றினாலும் எல்லாவற்றையும் ஒரு அதோரிட்டி பதிவின் கீழ் கட்டிவைக்கிறோம். வெளியீட்டாளருக்கு மட்டும் அதைச் செய்வதில்லை, உலகத்தில் பெரும்பாலான நூலகங்களும் செய்வதில்லை என்பது உண்மைதான். ஆனால் லண்டனில் ஆயிரக்கணக்கில் நூல் போடும் கம்பனியின் வரலாற்றை எழுத அவர்களிடமே ஆவணக் காப்பகம் இருக்கிறது. கொட்டகலை சாரல் வெளியீட்டகத்துக்கோ கல்ஹின்னை தமிழ் மன்றத்துக்கோ நூலகப் பட்டியலை விட்டால் வேறு எது இருக்கிறது?

ஒரே நிறுவனம் வேறு வேறு பெயர்களில் நூல் வெளியிடுவதையும் இங்கே சொல்ல வேண்டும், இம்ப்ரின்ட் என்று நீங்கள் சொல்வது. இங்கிலாந்தில் பென்குயின் நிறுவனம் 1937இல் பெலிக்கன் என்று அறிவு நூல்களுக்குத் தனி வரிசை தொடங்கியது பலருக்குத் தெரியும். நமக்குப் பக்கத்திலேயே வீரகேசரிப் பத்திரிகை நிறுவனம் எழுபதுகளில் வீரகேசரி பிரசுரம் என்று நாவல்கள் போட்டது, ஜனமித்திரன் என்ற பெயரிலும் போட்டது. ஜனமித்திரன் என்று மட்டும் பதிந்தால் வீரகேசரியோடு உள்ள தொடர்பு அறுந்துவிடும், வீரகேசரி என்று மாற்றிப் பதிந்தால் எந்த வரிசையில் வந்தது என்பது போய்விடும். புத்தகத்தில் உள்ள பெயர் 264இல், இரண்டுக்கும் இடையிலான உறவு அதோரிட்டி பதிவில். அவ்வளவுதான்.

கூட்டு வெளியீடுகளில் நாம் இழப்பது இன்னும் அதிகம். தேசிய கலை இலக்கியப் பேரவையும் சென்னை சவுத் ஏசியன் புக்ஸும் சேர்ந்து போட்ட நூல்கள் பல வீட்டு அலுமாரிகளில் இருக்கின்றன. ஆர்டிஏயில் கட்டாயம் பதிய வேண்டியது முதலில் வரும் வெளியீட்டாளரை மட்டும்தான். நேரமில்லாதவர் அதோடு நிறுத்திக்கொள்வார். முதலில் இருப்பது சென்னைப் பெயர் என்றால் இலங்கைப் பெயர் போய்விட்டது. தயவுசெய்து இரண்டையும் போடுங்கள். சென்னையைக் கண்டால் எல்லாவற்றையும் சந்தேகப்படவும் வேண்டாம், சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் உண்மையிலேயே சென்னைப் பதிப்பகம் வெளியிட்டதுதான். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சனத்தில் பெரும் பகுதி அக்கரைக்கு, இந்தியாவுக்குப் போனது, புத்தகமும் அங்கிருந்து வந்தால் அதில் ஆச்சரியமில்லை. எது சென்னையில் வெளியானது, எது சென்னையில் அச்சு மட்டும் ஆனது என்று பிரித்தால் போதும்.

ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேச நூல் எண் இருக்கிறதே, அதில் வெளியீட்டாளர் எண் இருக்கிறதே என்று சொல்வீர்கள். இருக்கிறது. 978, அப்புறம் இலங்கைக்குரிய 955 அல்லது 624, அப்புறம் வெளியீட்டாளர் எண், நூல் எண், கடைசியில் சோதனை இலக்கம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 13 இலக்கத்தில் 978க்கும் 955க்கும் 6 போய், சோதனை இலக்கத்துக்கு 1 போனால் மீதி 6. வெளியீட்டாளர் எண்ணுக்கு 5 இலக்கம் கொடுத்தால் நூலுக்கு மிஞ்சுவது 1, அதாவது 10 புத்தகம். பதினோராவது புத்தகத்துக்கு வேறு எண் வாங்க வேண்டும், ஒரே பதிப்பகம் இரண்டு எண்ணோடு நிற்கும். இன்னொரு பக்கம், ஆசிரியரே தன் பெயரில் ஐஎஸ்பிஎன் வாங்கி, வெளியீடு என்று வாசகர் வட்டத்தின் பெயரைப் போடுவார். சென்னையில் அச்சிட்டவர் அங்கேயே இந்திய எண்ணொன்றை வாங்கிக் கொடுத்துவிடுவதும் உண்டு, அப்போது 81 அல்லது 93ஐப் பார்த்து இந்திய நூல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 1970க்கு முந்திய நூல்களுக்கோ எண்ணே கிடையாது. எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் வேலை இங்கே பாதித் தூரம்தான் போகும்.

அச்சு எங்கே நடந்தது என்பது சட்டத்திலும் வந்து நிற்கிறது. 1885ஆம் ஆண்டின் அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டப்படி பிரதிகளைப் பதிவுக்குக் கொடுக்கும் பொறுப்பு அச்சகத்துடையது. இலங்கையில் அச்சாகாத புத்தகத்துக்கு இங்கே எந்த அச்சகமும் பொறுப்பில்லை, வெளியிட்டவர்களாகக் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. பண்டாரவளையில் எழுதி, பதுளையில் வெளியிட்டு, சென்னையில் அச்சடித்த புத்தகம் தேசிய நூற்பட்டியலில் வராமல் போவதற்கு இது ஒரு காரணம். 2023இல், மலையக மக்கள் இங்கே வந்து 200 வருஷமானதை நினைவுகூர்ந்த மலையகம் 200ஐ ஒட்டி எத்தனை வெளியீடுகள் வந்தன, அவற்றில் எத்தனை உங்களிடம் வந்து சேர்ந்தன என்று ஒருமுறை பாருங்கள்.

பழைய நூல்களில் மட்டும் இந்தப் பிரிவினையை அப்படியே பொருத்த முடியாது. 1869இல் வந்த ஆபிரகாம் யோசேப்பின் கோப்பிக் கிருஷிக் கும்மி காலத்தில் அச்சுக்கூடமே பல நேரம் வெளியீட்டாளரும்கூட. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யர் பத்திரிகையும் அச்சும் அரசியலும் ஒன்றாக நடத்தியவர், அவர் மனைவி மீனாட்சி அம்மை கூட்டங்களில் பாடிய பாட்டுகள் சிறு நூல்களாக அச்சாகிப் பரவியபோது அங்கே யார் அச்சகம் யார் வெளியீட்டாளர் என்று கோடு கிழிக்க முடியாது. அப்படியான இடத்தில் அச்சகத்தை வெளியீட்டாளராகப் பதிவது சரிதான், ஏன் அப்படிப் பதிந்தோம் என்று ஒரு வரிக் குறிப்பு எழுதினால் போதும். எழுபது, எண்பதுகளில் ஸ்டென்சில் வெட்டி உருட்டி எடுத்த ரோனியோ பிரதிகளில் நிலைமை நேர்மாறு: அச்சகமே கிடையாது, தாளின் அடியில் ஒரு சங்கத்தின் பெயர் மட்டும் இருக்கும். அதுதான் வெளியீட்டாளர். வேறெதையும் தேட வேண்டாம், 'வெளியீட்டாளர் தெரியவில்லை' என்றும் போட வேண்டாம்.

மும்மொழி விஷயத்தையும் மறந்துவிடாதீர்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல் சிங்களத்தில் வந்தால் அத்யாபன பிரகாஷன தெபார்தமேந்துவ, ஆங்கிலத்தில் வேறு. திணைக்களம் ஒன்றுதான். 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் தொடங்கிய சத்தியோதய போன்ற, தோட்ட மக்களுக்காக வேலை செய்த அமைப்புகளைத் தேடுபவர் மூன்று மொழியிலும் தனித்தனியாகத் தேட வேண்டியிருந்தால் அது சரியில்லை.

இனி, என்ன கேட்கிறேன் என்று நேராகச் சொல்கிறேன்.

தேசிய நூலக சபையிடம் கேட்பது: ஐஎஸ்பிஎன்னுக்கும் நூலில் அச்சிடும் பட்டியல் விபரத்துக்கும் விண்ணப்பிக்கும்போதே வெளியீட்டாளரின் பெயரை மூன்று எழுத்திலும், முன்னர் பாவித்த பெயர்களையும், தோட்டம் அல்லது ஊரையும் கேட்டு வாங்குங்கள். அதை ஒரு பொதுக் கோப்பாக்கி எல்லா நூலகங்களுக்கும் திறந்துவிடுங்கள். நிறுவனங்களுக்கும் ஐஎஸ்என்ஐ என்ற 16 இலக்க எண் உண்டு, அதையும் அதில் சேர்க்கலாம். ஒன்றுமில்லாமல் தொடங்க வேண்டியதும் இல்லை. என். செல்வராஜா தனியொருவராக 2002 முதல் கொண்டுவரும் நூல்தேட்டத் தொகுதிகளில் வெளியீட்டாளரை ஒரு பக்கமும் அச்சகத்தை அடைப்புக்குறிக்குள் இன்னொரு பக்கமும் பிரித்தே எழுதியிருக்கிறார். நூலகம் இணையத்தளத்தில் எழுத்தாளர் வரிசைக்குப் பக்கத்தில் பதிப்பாளர் வரிசையும் இருக்கிறது. தன்னார்வலர்கள் செய்த வேலையை அரச நிறுவனம் எடுத்துப் பயன்படுத்துவதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

பிரதேச சபை, நகர சபை நூலகங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. கோஹா என்ற நூலக மென்பொருள் இல்லாவிட்டாலும், எக்செல் தாளில் ஏற்றினாலும், கையால் பதிவேட்டில் எழுதினாலும், வெளியீட்டாளருக்கு ஒரு நிரலும் அச்சகத்துக்கு ஒரு நிரலும் வையுங்கள். இருப்பது ஒரே நிரல் என்றால் அதில் வெளியீட்டாளரைத்தான் எழுத வேண்டும். தோட்டங்களுக்குள் செலவு செய்யவே பிரதேச சபைகளுக்குச் சட்டம் இடம் தராமல் இருந்து 2018இல்தான் திருத்தினார்கள், இனிமேல் தோட்டங்களில் திறக்கிற நூலகங்களாவது முதல் நாளிலிருந்து இதைச் சரியாகச் செய்யட்டும். பாடசாலை ஆண்டு மலர், கும்பாபிஷேக மலர், சங்க மாநாட்டு மலர் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். அவற்றைப் பட்டியலில் சேர்க்காமல் மூலையில் அடுக்கி வைக்கும் பழக்கத்தை விட்டால் இன்னும் நல்லது.

புத்தகம் போடுகிற நம் நண்பர்களுக்கும் ஒரு சொல். பின்பக்கத்தில் 'வெளியீடு' என்று ஒன்றை மட்டும் போடுங்கள், முன் அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர், முதுகில் இன்னொரு பெயர் வேண்டாம். அச்சகக்காரர் தன் பெயரைப் பெரிதாகப் போட்டால் சின்னதாக்கச் சொல்லுங்கள். தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுத வெட்கப்படாதீர்கள்.

நாங்கள் சிலர் ஹட்டன், பொகவந்தலாவ, தலவாக்கலைப் பக்கம் வீடுகளில் இருக்கும் பழைய நூல்களின் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் போனில் படம் எடுத்துச் சேர்த்து வருகிறோம். புத்தகத்தைக் கொடுக்க மனமில்லாதவர்களும் படம் எடுக்க விடுகிறார்கள். வெளியீட்டாளர் வாரியாகப் பிரித்துத் தருகிறோம், எந்த வடிவத்தில் வேண்டும் என்று சொன்னால் அந்த வடிவத்திலேயே தருகிறோம். உங்களில் யாராவது ஒருவர் பொறுப்பெடுத்து, இதை யாரிடம் ஒப்படைப்பது என்று மட்டும் அறிவியுங்கள்.

நன்றி.

ஹட்டனிலிருந்து ஒரு வாசகர்